பழைய காரில் சாவியும் பூட்டும் தகராறு செய்தால்: எதை முதலில் பார்ப்பது, எதை எப்போது கழற்றுவது

என் பழைய காரில் இரண்டு தொல்லைகள் இருந்தன. இக்னிஷன் சாவியைத் திருப்பினால் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் சத்தமே வராது. ஓட்டுநர் பக்கக் கதவு சாவிக்குப் பூட்டும், ஆனால் அதே சாவிக்குத் திறக்காது. இரண்டையும் சரிசெய்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. உண்மையான வேலை நான்கு சனிக்கிழமைகள்தான். மிச்சக் காலம் முழுவதும் தேவையில்லாத பொருளை வாங்கி, அது வரக் காத்திருந்து, பொருத்திப் பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றியதில் போனது. பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றினேன். கடைசியில் கோளாறு ஸ்விட்சுக்குள் கருத்துப்போயிருந்த, நகத்தளவு செம்புத் தகட்டில் இருந்தது.

உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சாவிக்குள் சிப் இல்லாத, வெறும் உலோகச் சாவி போடும் கார்களுக்கு இது பொருந்தும். சிப் வைத்த சாவிகள் 1990களின் நடுவில் பரவியவை; அவற்றின் கதை வேறு.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் காகிதம் எதற்கு என்று தோன்றும். சாவி எண்ணை வைத்துப் புதுச் சாவி வெட்டித் தரும் நல்ல பூட்டுக்காரர் யாரும், கார் உங்களுடையதுதானா என்று கேட்காமல் வேலை செய்ய மாட்டார். பதிவுச் சான்று, உங்கள் அடையாள அட்டை, சேஸிஸ் எண் தெளிவாகத் தெரியும் ஒரு படம், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். கார் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் விற்பனை ரசீதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம் பாதியில் நிற்கும்போது பூட்டு வேலையைத் தொடங்கினால் அந்த ஒரு காரணத்துக்காகவே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அடுத்தது சாவி எண்ணைத் தேடுவது. எழுத்தும் எண்ணும் சேர்ந்த சின்னக் குறியீடு அது. பழைய பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் சாவியின் தலையிலும் பூட்டின் முகத்திலும் அடித்திருப்பார்கள். எஃப்எஸ் என்று தொடங்கும் எண்களை நிறையப் பார்க்கலாம். மற்ற கார்களில் பூட்டுச் சிலிண்டரின் பக்கவாட்டில், கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில் இருக்கலாம். ஓட்டுநர் கையேட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்; முதல் உரிமையாளர்கள் அங்கே எழுதி வைப்பது வழக்கம். எண் கிடைத்ததும் ஒரு தாளில் எழுதி, காரில் இல்லாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உதவி கேட்பதற்காகச் சாவியைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். எண் மட்டுமல்ல, பல்வரிசை தெளிவாகத் தெரிந்தாலே அதைப் பார்த்து இன்னொரு சாவி வெட்ட முடியும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். பூட்டு வேலை செய்யாத நிலையில் கார் திருடுபோனால் ஈடு தர மறுக்கும் விதி அதில் இருக்கலாம். இருந்தால், வேலை முடியும்வரை காரை எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

2. கோளாறு எங்கே என்று பிரித்தறியுங்கள்

இக்னிஷன் பூட்டு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். முன்னால் சாவி நுழையும் சிலிண்டர். அது வெறும் இயந்திரம். பின்னால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச். சில கார்களில் இரண்டும் ஒரே கூட்டில் இருக்கும், சிலவற்றில் தனித்தனியாகக் கழலும். ஒன்றின் நோய்க்கு மற்றதை மாற்றுவதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. அதனால் அறிகுறியை நிதானமாகக் கவனியுங்கள்.

சாவி நுழையவில்லை, அல்லது நுழைந்தும் திரும்பவில்லை என்றால் சாவி, சிலிண்டர், ஸ்டியரிங் பூட்டு (சாவியை எடுத்ததும் ஒரு முளையால் ஸ்டியரிங்கைத் திரும்பவிடாமல் பிடிப்பது) இந்த மூன்றில் ஒன்று.

சாவி திரும்புகிறது, ஆனால் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி முனைகளிலிருந்து தொடங்குங்கள். முனையில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி இறுக்கினாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் ஸ்விட்சுக்கு வரும் ஒயர், பிறகு ஸ்விட்ச்.

விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் ஸ்விட்சின் ஸ்டார்ட் தொடர்பு, ஸ்டார்ட்டர் சோலனாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தப் பொறி), ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்யும் ஸ்விட்ச், இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிடிக்கிறது, சாவியிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பல பழைய கார்களில் இக்னிஷன் காயிலுக்கு (தீப்பொறிக்காக வோல்ட்டை உயர்த்தும் சுருள்) பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற மின்தடை வழியாகக் குறைந்த வோல்ட் போகும். ஸ்டார்ட் செய்யும் நொடிகளில் மட்டும் அதைத் தாண்டி முழு வோல்ட் போகும். ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தாலும் சரி, ஸ்விட்சின் ஓடும் நிலைத் தொடர்பு தேய்ந்திருந்தாலும் சரி, இதே மாதிரிதான் நடக்கும். கார்புரேட்டரைக் கழற்ற ஓடாதீர்கள்.

குழியில் இறங்கும்போது எஞ்சின் ஒரு கணம் செத்து உயிர் பெறுகிறது என்றால் ஸ்விட்சின் தொடர்பு தளர்ந்திருக்கலாம். சாவிக்கொத்தில் தொங்கும் கனமும் அதற்கு ஒரு காரணம். காரின் சாவியைத் தனியாகப் பிரித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவ முடிகிறது என்றால் சாவியோ சிலிண்டரோ நன்றாகத் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங் பூட்டு உள்ள காரில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சோதிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எஞ்சின் ஓடாத நிலையில் இக்னிஷனை நீண்ட நேரம் போட்டு வைக்காதீர்கள். கான்டாக்ட் பாயின்ட் (எஞ்சின் சுற்றும்போது காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடர்பு) மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கொதித்துக் கெட்டுவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே சாவியை அணையுங்கள்.

3. பூட்டைக் குறை சொல்லும் முன் சாவியைப் பாருங்கள்

சாவியை ஜன்னலோரம் எடுத்துப் போய், வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். புதுச் சாவியின் மேடு பள்ளங்கள் கூர்மையாக, சமதளங்களோடு இருக்கும். என்னுடைய சாவியில் மேடுகள் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழத்து, நுனிப்பக்கம் ஏறக்குறைய தட்டையாகிவிட்டிருந்தது. ஐம்பது வருடம் நாள்தோறும் நுழைந்து வெளிவந்த உலோகம் அப்படித்தான் ஆகும்.

நான் செய்த பெரிய தவறு, அந்தச் சாவியையே கொண்டுபோய் டூப்ளிகேட் போட்டது. சாவி நகலெடுக்கும் இயந்திரம் கொடுத்த வடிவத்தை அப்படியே பின்தொடர்ந்து வெட்டும். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். புதுச் சாவி பளபளவென்று இருந்தது, பழையதைவிட மோசமாக வேலை செய்தது. இரண்டு சாவியும் சரியாக இல்லாததால் சிலிண்டர்தான் கெட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சரியான வழி, எண்ணை வைத்துத் தொழிற்சாலை அளவில் வெட்டச் சொல்வது. எண் இல்லையென்றால், பூட்டு வேலை நன்றாகத் தெரிந்தவர் தேய்ந்த சாவியின் ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்து, அது எந்த ஆழத்துக்குரியது என்று கணித்து வெட்டிவிடுவார். அந்தக் காரின் பூட்டுக்கு இருக்கக்கூடிய ஆழங்கள் நான்கோ ஐந்தோதான் என்பதால் இது நடக்கக்கூடிய வேலை. கடையில் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "நகல் வேண்டாம், அளவு பார்த்து வெட்டிக் கொடுங்கள்." அந்தக் கருவி அவரிடம் இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள். மொத்தம் மூன்று வெட்டிக்கொள்ளுங்கள்: ஒன்று தினப் பயன்பாட்டுக்கு, ஒன்று வீட்டில், மூன்றாவது யாரும் தொடாமல், அடுத்த நகல்களுக்கு மூலமாக.

பல கார்களில் இக்னிஷனுக்கு ஒரு சாவி, டிக்கிக்கும் கதவுக்கும் வேறு சாவி என்பதே ஆரம்பத்திலிருந்த ஏற்பாடு. ஒரே சாவி எல்லாவற்றுக்கும் போகவில்லை என்பதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. சுத்தம் செய்வது

கழற்றாமலே செய்யக்கூடியது, அரை மணி நேர வேலை. மெல்லிய குழாய் உள்ள கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைச் சாவித் துளைக்குள் அடியுங்கள். பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாவியை உள்ளே விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் துடையுங்கள். முதல் பத்துத் தடவை கறுப்பு மசி வரும். சாவி சுத்தமாக வெளிவரும்வரை தொடருங்கள். உள்ளே ஊற்றப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பின்னால் இருப்பது மின் ஸ்விட்ச்.

காய்ந்த பிறகு என்ன போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சமையலறை எண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் சிலிண்டருக்குள் போகக் கூடாது. அந்த வாரம் சுகமாகத் திரும்பும். அப்புறம் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். டபிள்யூடி-40 அழுக்கைக் கரைக்க உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. கதவுப் பூட்டுக்கு கிராஃபைட் தூள் நல்லது. ஏற்கெனவே எண்ணெய் போட்ட பூட்டில் கிராஃபைட் போட்டால் இரண்டும் சேர்ந்து பசையாகும், அதனால் முதலில் எண்ணெயைக் கழுவி எடுக்க வேண்டும். இக்னிஷன் சிலிண்டருக்கு கிராஃபைட் வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், பின்னால் உதிர்ந்து ஸ்விட்சில் படிந்தால் வேறு தொல்லை தொடங்கும். அங்கே உலர் டெஃப்ளான் ஸ்ப்ரே போதும்.

சாவி உள்ளே உடைந்துவிட்டால் துளையைச் சாவி நுழையும் நிலைக்கே கொண்டுவாருங்கள். வேறு நிலையில் துண்டு வெளியே வராது. மெல்லிய நூல் ரம்பத்தின் பற்கள் வெளிப்பக்கம் பார்த்திருக்குமாறு பல்வரிசை ஓரமாக நுழைத்து, சாவித் துண்டில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். குச்சி நுனியில் பசை தடவி ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாவியின் பல்வரிசைக்கேற்ப ஏறி இறங்கும் உள் தகடுகளில் பசை இறங்கினால் சிலிண்டரையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

5. இக்னிஷன் சிலிண்டரைக் கழற்றுவது

பேட்டரியின் எர்த் ஒயரை, அதாவது காரின் உடம்போடு இணையும் ஒயரை, முதலில் கழற்றுங்கள். பல பழைய கார்களில் ஸ்விட்சுக்கு வரும் முதன்மை ஒயருக்கு ஃப்யூஸே கிடையாது. அது காரின் உடம்பில் உரசினால் ஒயர் முழுவதும் சில நொடிகளில் சிவந்து எரியும்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் எர்த் என்பது பாசிட்டிவ் முனை. எம்ஜிபி 1967 வரை அப்படித்தான் வந்தது. எந்த முனையிலிருந்து தடித்த ஒயர் காரின் உடம்புக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஸ்விட்சின் பின்புறத்தை இரண்டு கோணங்களில் படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும், நிறமும் மங்கியிருக்கும். ஒரு தொடக்கத்துக்கு: லூகாஸ் (பிரிட்டிஷ் கார் மின்பாக நிறுவனம்) ஒயரிங் உள்ள கார்களில் பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்டார்ட்டர். ஜெர்மன் கார்களில் ஸ்விட்சிலேயே எண் அடித்திருக்கும்: 30 பேட்டரி, 15 இக்னிஷன், 50 ஸ்டார்ட்டர்.

டாஷ்போர்டில் இருக்கும் சிலிண்டர் பெரும்பாலும் சாவி இருந்தால்தான் வெளியே வரும். சாவியைப் போட்டு ஆக்ஸசரி நிலைக்கு (ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை) திருப்புங்கள். முகத்திலோ பக்கத்திலோ ஊசித் துளை ஒன்று இருக்கும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் விட்டு அழுத்தினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்குவது விரலுக்குத் தெரியும். அழுத்தியபடியே சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பி, முன்னால் இழுங்கள். சில மாடல்களில் இந்தக் கடைசித் திருப்பல் தேவைப்படாது. வராவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். நிலை சரியில்லை என்று அர்த்தம்.

சிலிண்டர் கைக்கு வந்ததும் சாவியை உருவிவிடாதீர்கள். சாவிதான் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. உருவினால் முடி அளவு ஸ்பிரிங்குகள் தெறித்து, தரையில் தேடியும் கிடைக்காது. சாவியோடு அப்படியே வெளிச்சத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். எல்லாத் தகடுகளும் சிலிண்டரின் மேற்பரப்போடு மட்டமாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஐந்து தகடு மட்டமாக இருந்தது. நுனியிலிருந்து இரண்டாவது மட்டும் நகத்தின் தடிமன் அளவுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. சாவி சரியாக வேலை செய்யாததற்குக் காரணம் அந்த ஒன்று. அளவு பார்த்து வெட்டிய சாவியைப் போட்டபோது அதுவும் உள்ளே இறங்கியது. சிலிண்டர் நல்லதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

துருத்தும் தகட்டை அரத்தால் ராவி மட்டமாக்கும் பழக்கம் உண்டு. வேண்டாம். இரண்டு தகட்டை ராவினால் போதும், அக்கம்பக்கத்துக் காரின் சாவியும் உங்கள் காரைத் திறக்கத் தொடங்கும். தகடுகளில் ஆழத்தைக் குறிக்கும் எண் இருக்கும். பூட்டுக்காரரிடம் அதே எண்ணில் மாற்றுத் தகடு கிடைக்கும்.

6. மின் ஸ்விட்சைச் சோதிப்பது

எனக்கு மூன்று மாதம் போன இடம் இது. ஸ்டார்ட்டருக்குப் போகும் சின்ன ஒயரைச் சோலனாய்டிலிருந்து கழற்றி, சாவியை ஸ்டார்ட்டில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். 12.4 வோல்ட் காட்டியது. ஸ்விட்ச் நல்லது, மோட்டார்தான் கெட்டது என்று எழுதி வைத்துக்கொண்டு மோட்டாரை வாங்கினேன். மாற்றிய பிறகும் அதே அமைதி.

தவறு என்னவென்றால், சுமை இல்லாமல் அளந்தது. மல்டிமீட்டர் மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் எடுக்கும். தொடர்பு முக்கால்வாசி கெட்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஒயரை அதன் இடத்திலேயே மாட்டி, வேலை செய்யும்போது அளக்க வேண்டும்.

செய்முறை இது. கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டபடி. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை ஸ்விட்சுக்குள் வரும் பேட்டரி டெர்மினலிலும், இன்னொரு முனையை ஸ்டார்ட்டருக்குப் போகும் டெர்மினலிலும் வைத்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். இன்னொருவர் துணை வேண்டும். மீட்டர் காட்டுவது ஸ்விட்ச் விழுங்கும் வோல்ட். சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் தொடர்பு தேய்ந்திருக்கிறது. என் காரில் நான்கு வோல்ட் காட்டியது. இதே மாதிரி, சாவி ஓடும் நிலையில் இருக்கும்போது இக்னிஷன் டெர்மினலுக்கும் அளந்து பாருங்கள்.

மோட்டார் நல்லதா என்று உறுதிசெய்ய இன்னொரு சோதனை: பேட்டரியில் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு தடித்த ஒயரால் சோலனாய்டின் சின்ன டெர்மினலை ஒரு கணம் தொட்டால் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார் வாங்கத் தேவையில்லை. கார் கியரில் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கியரில் இருந்தால் கார் உங்கள் மேலேயே பாயும்.

ஸ்விட்சைப் பிரிக்க முடிந்தால் பிரித்துப் பாருங்கள். மடக்கிய தகரக் காதுகளை நிமிர்த்தினால் பின் மூடி திறக்கும். உள்ளே மூன்று செம்புத் தொடர்புகள்; என்னுடையதில் இரண்டு மங்கலான சிவப்பில் இருந்தன, மூன்றாவது அடுப்புக்கரி நிறத்தில், நடுவில் குழி விழுந்து இருந்தது. அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்ததும் செம்பு நிறம் வந்தது, காரும் முதல் திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. இது தற்காலிகம்தான். குழி விழுந்த தொடர்பு மறுபடி கரியும். மாற்று ஸ்விட்ச் வரும்வரை ஓட்டலாம்.

புது ஸ்விட்ச் போட்டதும், ஸ்டார்ட்டருக்கான ஒயரில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) சேர்த்துவிடுவது நல்லது. அதிக மின்சாரம் ரிலே வழியாகப் போகும், ஸ்விட்ச் பல வருடம் உழைக்கும். 6 வோல்ட் கார் என்றால் 6 வோல்ட் ரிலே கேட்டு வாங்குங்கள்.

7. ஸ்டியரிங் பூட்டு உள்ள கார்களில்

சாவி திரும்பவில்லையென்றால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்புங்கள். சக்கரம் எதிலாவது முட்டி நின்றால் பூட்டின் முளையில் அழுத்தம் விழும், சாவி இறுகிவிடும். குறடு போட்டுச் சாவியை முறுக்கினால் உடைவது சாவிதான்.

பெரும்பாலான ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1969 மாடலிலிருந்து சாவி டாஷ்போர்டை விட்டு ஸ்டியரிங் தண்டுக்கு வந்தது. இந்த வகைப் பூட்டை, இறுக்கியதும் தலை ஒடிந்துவிடும் போல்ட்டால் பிணைத்திருக்கும் கார்களும் உண்டு. அதைக் கழற்ற, மழுங்கிய போல்ட்டில் உளியால் ஓரமாகத் தட்டித் திருப்ப வேண்டும், அல்லது இடது சுற்றுத் துளைமுனையால் துளைக்க வேண்டும். பூட்டின் கூடு பல கார்களில் துத்தநாகக் கலவை. சுத்தியலுக்கு விரிசல் விடும், 400 டிகிரி செல்சியஸைத் தொடும் முன்பே உருகும். அதனால் கேஸ் டார்ச் பக்கமே வர வேண்டாம்.

இந்த ஒரு பகுதியை மட்டும், அனுபவம் இல்லாவிட்டால், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள் என்பேன். பாதி வேலை செய்யும் ஸ்டியரிங் பூட்டு ஓடும் காரில் விழுந்தால் திருப்ப முடியாது. அதை இருக்கும் நிலையில் ஓட்டவும் வேண்டாம். முளையை எடுத்துவிட்டு ஓட்டலாமா என்றால், அதைச் சட்டமும் உங்கள் காப்பீடும் ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

8. கதவு: பூட்டுக்கு முன் கீல்

கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்க ஓரத்தை இரண்டு கைகளாலும் மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் கீலின் முளை தேய்ந்திருக்கிறது. கதவு தொங்கிப்போய், லாட்ச் (கதவில் இருக்கும் கொக்கிப் பொறி) ஸ்ட்ரைக்கருக்கு (அந்தக் கொக்கி பிடிக்கும், கதவுச் சட்டத்தில் உள்ள பாகம்) கீழே இடிக்கும். அடித்துச் சாத்தினால்தான் மூடும், சாவிக்கும் முழுதாகப் பூட்டாது. பலரும் ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கி இதைச் சமாளிப்பார்கள். கொஞ்ச நாளில் கதவு இன்னும் தொங்கும், லாட்சும் தேயும். முதலில் கீல், அடுத்து கதவின் இடைவெளி, கடைசியில்தான் ஸ்ட்ரைக்கர்.

ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தும் முன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நகர்த்த வேண்டும்.

இன்னொன்று, சில கார்களில் ஓட்டுநர் கதவை உள்ளிருந்து பூட்ட முடியாது, சாவியால் மட்டும்தான். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அதைப் பழுதென்று நினைத்து நான் ஒரு மாலை முழுவதும் தேடினேன்.

9. கதவுக்குள்ளே

முதல் தடவை என்றால் அரை நாள் ஒதுக்குங்கள். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். கீழே இருந்தால் கையே நுழையாது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை ஒரு திருகோ, குறுக்கு ஊசியோ, குதிரை லாட வடிவக் கிளிப்போ பிடித்திருக்கும். கிளிப் என்றால் பழைய துணியின் ஓரத்தை இடுக்கில் விட்டு ஷூ துடைப்பது போல இழுத்தால் கழன்று வரும். தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கதவின் உள் பேனலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் அல்லது தார்க்காகிதத் திரை இருக்கும். அதைக் கிழிக்காமல் எடுத்து, திரும்ப ஒட்டியே ஆக வேண்டும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் பேனலுக்கு வராமல் அதுதான் தடுக்கிறது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அவை அடைத்துத் தண்ணீர் தேங்கித்தான் பூட்டு துருப்பிடிக்கிறது.

இப்போது சாவியைத் திருப்பிக்கொண்டே உள்ளே பாருங்கள். சிலிண்டர் திரும்புகிறது, அதன் வால் (சிலிண்டரின் பின்னால் நீளும் துண்டு) திரும்பவில்லையென்றால் வால் உடைந்திருக்கிறது. வாலும் திரும்பி, அதை லாட்சோடு இணைக்கும் கம்பி அசையவில்லையென்றால் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் போய்விட்டது. மிக மலிவான பொருள், மிக அடிக்கடி வரும் பழுது. கம்பி அசைந்து லாட்ச் அசையவில்லையென்றால் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கிறது. என் கதவில் நடந்தது அதுதான். லாட்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, காயவைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவினேன். வேறு எதுவும் வாங்கவில்லை.

சிலிண்டரை வெளியே எடுக்க, கதவுத் தகரத்துக்கு உள்பக்கம் இருக்கும் லாட வடிவக் கிளிப்பைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். கைப்பிடியிலேயே பூட்டு இருந்தால் கைப்பிடியின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் வரும். பொத்தான் அமுக்கும் வகைக் கைப்பிடியில் பொத்தானுக்குப் பின்னால் நட்டோடு ஒரு திருகு இருக்கும். பொத்தானை அமுக்காதபோது அதற்கும் லாட்சுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் லாட்ச் முழுதாகப் பிடிக்காது, ஓடும்போது கதவு திறந்துகொள்ளும் அபாயம் உண்டு.

10. செலவும் காலமும்

செலவைக் குறைந்ததிலிருந்து கூடியதுக்கு வரிசைப்படுத்தினால்: சுத்தம் செய்வது, கம்பிக் கிளிப், அளவு பார்த்து வெட்டிய சாவி, தகடு மாற்றுவது, மின் ஸ்விட்ச், புதுச் சிலிண்டர், முழுப் பூட்டுத் தொகுதி. வேலையையும் இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்றிலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

புதிதாகச் செய்து விற்கும் மாற்று ஸ்விட்சுகளின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலவற்றில் தொடர்புத் தகடு மிக மெல்லியது. வாங்கியதும் பழையதோடு பக்கத்தில் வைத்து, டெர்மினல் எண்ணிக்கை, நிலைகள், பேலஸ்ட் ரெசிஸ்டரைத் தாண்டும் டெர்மினல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழையதை எந்தக் காரணம் கொண்டும் எறியாதீர்கள்.

புதுச் சிலிண்டர் வாங்கினால் சாவி மாறிவிடும். கொத்தில் இன்னொரு சாவி வேண்டாம் என்றால், பழைய தகடுகளைப் புதுச் சிலிண்டருக்கு மாற்றிப் பழைய சாவிக்கே பொருத்தித் தரச் சொல்லலாம். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் முடியும். கதவு, டிக்கி, இக்னிஷன் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் கூலியும் குறையும், ஒரே அலைச்சலில் முடியும்.

அரிய மாடல் என்றால் பொருளைத் தேடவே வாரங்கள் ஆகும். அதனால் பொருள் கைக்கு வந்து, பழையதோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை எதையும் கழற்றிப் போடாதீர்கள். நகராத காரைவிட அரைகுறையாக ஓடும் கார் மேல். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். விற்கும் நாளில் புதுச் சாவி எண்ணையும் மாற்றிய பூட்டையும் காட்ட அவைதான் ஆதாரம்.

11. மூடுவதற்கு முன்

கதவு வேலை முடிந்ததும் உற்சாகத்தில் கதவைச் சாத்திவிடாதீர்கள். கம்பி ஒன்று தவறி மாட்டியிருந்தால் மூடிய கதவு திறக்காது. பேனலைக் கழற்ற வேண்டிய திருகோ மூடிய கதவின் ஓரத்தில் மறைந்திருக்கும்.

கதவைத் திறந்தபடியே வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் லாட்சை மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். இரண்டு தடவை 'க்ளிக்' கேட்க வேண்டும். இப்போது வெளிக் கைப்பிடியால் விடுவியுங்கள். மறுபடி தள்ளி, உள் கைப்பிடியால். மறுபடி தள்ளி, சாவியால் பூட்டி, கைப்பிடி வேலை செய்யவில்லை என்று பார்த்து, சாவியால் திறந்து விடுவியுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை. எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். ஒரு சாவி உங்கள் சட்டைப் பையில், இன்னொன்று வீட்டுக்குள். அதன் பிறகு கதவைச் சாத்துங்கள்.